நனையாத மை

“கண்ணுக்கு மட்டும் வாட்டர்ப்ரூஃப் மை போடச் சொல்லியிருக்காங்கம்மா” என்றார் மேக்கப் ஏகாம்பரம். செண்பகவல்லி கண்ணை மூடியிருந்தாள். மூடின இமைக்குள்ளேயே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியா சேதி. அழ வைத்தே தீருவதென்று முடிவு கட்டிவிட்டுத்தான் ஆசை ஆசையாகப் போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கிறார்கள். “யாருண்ணே சொன்னது?” “அந்த ஸ்டெஃபி பாப்பாதான். மேடம் அழுவாங்க, குளோசப் இருக்கு, மை வழிஞ்சா அசிங்கமாயிடும்னுச்சு. கண்ணைத் தொறக்காதம்மா, இழுவிக்கும்.” ஈர ஸ்பாஞ்சு நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. இத்தனை வருஷத்தில் கேமரா மாறிவிட்டது, லைட் மாறிவிட்டது, இந்த ஸ்பாஞ்சின் நாற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது, மழையில் நனைந்த பிஸ்கட் பாக்கெட் மாதிரி. ஏழு வயதில் இந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணாடியில் நெற்றி மட்டும்தான் தெரியும், அதனால் கைப்பிடிகளின் மேல் ஒரு பலகையைப் போட்டு அதில் தூக்கி உட்கார வைப்பார்கள், கால் அந்தரத்தில் ஆடும், ஆட்டாதே என்று அம்மா தொடையில் தட்டுவாள். இப்போது கால் தரையில் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஊன்றிப் பார்த்துக்கொண்டாள். நிகழ்ச்சியின் பெயரே ‘எங்கே போனீங்க?’. பொங்கல் சிறப்பு. பழைய சீரியல்களில் நடித்துக் காணாமல் போனவர்களைத் தேடிப் பிடித்து வந்து சோபாவில் உட்கார வைப்பது. காணாமல் போனவர்களாம். விருகம்பாக்கத்தில் வாசலில் பெயர்ப்பலகை போட்டுக்கொண்டு, தினமும் காலையில் பால் பாக்கெட் எடுக்க நைட்டியோடு கேட்டுக்கு வருகிறவள் எப்படிக் காணாமல் போனவள் ஆவாள்? போனது அவளா, இவர்களுடைய கேமராவா? சரி, கேட்கட்டும். என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். பதில் சொல்லலாம், சிரிக்கலாம், பழைய வசனத்தைக் கழுத்தைச் சாய்த்துச் சொல்லச் சொன்னால் அதையும் சொல்லித் தொலைக்கலாம். ஒரு சொட்டுக் கண்ணீர் மட்டும் கிடையாது. பத்து வயதுக்குப் பிறகு எந்தக் கேமராவுக்கும் அவள் அதைக் கொடுத்ததில்லை. இன்றைக்கும் கொடுக்கப்போவதில்லை. இவர்கள் எந்த மையை வேண்டுமானாலும் பூசட்டும்.

செண்பகவல்லி என்றால் கோடம்பாக்கத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. ‘ஆறாம் நம்பர் வீடு’ சில்லு என்றால் இப்போதும் நாற்பது தாண்டியவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். வாரம் ஒருமுறை வந்த சீரியல். அப்போதெல்லாம் தெருவில் நடந்தால் எல்லா ஜன்னலிலிருந்தும் அவள் குரல்தான் கேட்கும், நமக்கு முன்னாலேயே நம் குரல் தெருமுனைக்குப் போய்விட்ட மாதிரி. “சில்லுக்கு எல்லாம் தெரியும்!” என்று இடுப்பில் கை வைத்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தன. ஆனால் வசனத்தைவிடப் பெயர் வாங்கியது அழுகைதான். கிளிசரின் போட்ட முதல் மாதமே கண் வீங்கிப் போய், இனி ஒரு சொட்டு விட்டாலும் பார்வைக்குப் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கதையிலோ வாராவாரம் ஓர் அழுகை. டைரக்டர் வேதநாயகம் வேறு பிள்ளை பார்க்க ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் அப்பா, பஸ் டிப்போ டைம் கீப்பர் சங்கரலிங்கம், கோவில்பட்டிக்காரர், லீவு போட்டுவிட்டு மகளின் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறவர், “சார், ஒரு நிமிசம்” என்று லைட்டுக்குள் வந்து மண்டியிட்டு அவள் காதில் எதையோ சொன்னார். சொல்லிவிட்டு விலகினார். கொட்டியது. யூனிட்டே கை தட்டியது. அதற்கப்புறம் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது, அழுகை ஷாட் என்றால் லைட் ரெடி, கேமரா ரெடி, அப்பாவைக் கூப்பிடு. பத்திரிகைகளில் ‘காது மந்திரம்’ என்று எழுதினார்கள். முருகன் மந்திரம் என்றார்கள், சோகக்கதை சொல்கிறார் என்றார்கள், ஒருத்தர் ஹிப்னாடிசம் என்றே அடித்துச் சொன்னார். அப்பா வெறுமனே புன்னகை செய்வார். மந்திரமும் இல்லை, கதையும் இல்லை. அம்மா போயிட்டா தாயி. அவ்வளவுதான். அம்மா கேமராவுக்குப் பின்னால் டிபன் கேரியரோடு நின்றுகொண்டிருப்பாள். நிற்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தை வெற்றிலை வாசனையோடு காதுக்குள் சூடாக விழுந்ததும் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கழன்று கீழே கீழே போகும். கட் சொன்னதும் ஓடிப்போய் அம்மாவின் புடவையில் முகத்தைத் தேய்ப்பாள், “ஏட்டி, மேக்கப்பு, மேக்கப்பு” என்று அம்மா தள்ளிவிடுவாள். தன்னைச் சாகடித்துத்தான் வாராவாரம் இந்த வித்தை நடக்கிறது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அப்பாவுக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

“இப்ப என்னம்மா பண்றே? ஃபீல்டுல இல்லியா?” ஏகாம்பரம் கேட்ட தொனி அவளுக்கு அத்துப்படி. ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரம் நின்று கேட்பார்களே, அந்தத் தொனி. அதற்குள் பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள், பாவம், சின்ன வயசுலே எல்லாம் பார்த்துட்டு இப்போ. இந்தப் பாவம் என்கிற வார்த்தையைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. “ஃபீல்டுலதான்ணே இருக்கேன். வாசல்ல ஒரு கேரவன் நிக்குதே, வெள்ளையில பச்சைக்கோடு போட்டது?” “திலீபன் சாருக்கு வந்திருக்கே, அதா?” “அது என்னோடது.” ஸ்பாஞ்சு கன்னத்தில் நின்றுவிட்டது. “என்னோடதுன்னா?” “என்னோடதுன்னா என்னோடது. சில்லு கேரவன்ஸ். ஊருக்குள்ள நெறைய ஓடுது. இந்த வண்டில ஃப்ளஷ்ஷை ரெண்டு தடவை இழுத்தாத்தான் தண்ணி வரும், உங்க காம்பியர் சார்கிட்ட சொல்லிருங்க, இல்லேன்னா மானம் போயிடும்.” ஏகாம்பரம் வாய்விட்டுச் சிரித்தார். “அடிப்பாவி, மொதலாளியம்மாவை இந்த ஏசி ஓடாத ரூம்ல உக்கார வெச்சிருக்கானுங்களே. நான் போய்ச் சொல்லட்டா?” “வேண்டாம்ணே. சொன்னா என்னைப் பாத்து மூஞ்சியை மாத்திக்கிட்டுச் சிரிப்பானுங்க. இதே மூஞ்சியோட இருக்கட்டும், நல்லாருக்கு.” உண்மையில் நன்றாகத்தான் இருந்தது, தன் வண்டியின் குளிரில் வேறொருத்தன் காலை நீட்டிப் படுத்திருக்க, தான் இங்கே வேர்த்துக்கொண்டிருப்பது. வேர்வை அவளுக்குப் பழக்கம். அவுட்டோர் என்றால் அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு மறைவு ஏது? பூந்தமல்லி தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு, சுற்றிலும் லைட் பையன்களும் டிரைவர்களும், நடுவில் அம்மா தன் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு சுவராக நிற்பாள், அதற்குப் பின்னால் நின்று கவுன் மாற்ற வேண்டும், ஒண்ணுக்குப் போக வேண்டும். “அவ்வளவுதான், அவ்வளவுதான், யாரும் பாக்கல” என்று அம்மா திரும்பாமலே சொல்லிக்கொண்டிருப்பாள். கேரவன் தொழில் எப்படி மேடம் தோன்றியது என்று ஒரு பெண்கள் பத்திரிகையில் கேட்டபோது சந்தையில் தேவை இருந்தது என்று சொல்லி வைத்தாள். முந்தானையைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்வது.

அது ஒரே நாளில் வந்த தொழிலா? நடுவில் எத்தனை. கண்ணை மூடி உட்கார வைத்தால் எல்லாம் வரிசை தப்பி வருகிறது. பாட்டு கேட்டுப் போன் பண்ணுங்க என்று மஞ்சள் சுடிதாரில் நின்றது, போன் எடுத்தவன் எல்லாம் நீங்க சில்லுதானே என்று கேட்டது, இல்லைங்க உங்களுக்கு என்ன பாட்டு வேணும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தது. மெல்லிசைக் குழுவோடு வேனில் கல்யாணம் கல்யாணமாகப் போய், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து அடுத்து வரும் பாடல் என்றது. மூலிகை ஷாம்பூ. அசோக் நகர் பொட்டிக், பிளவுஸ் தைத்து வாங்கிப்போன சீரியல் நடிகைகள் போட்டுக் கிழித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள், ஷட்டரை இழுத்து மூடிய அன்று அவள் வாசலிலேயே உட்கார்ந்து ஒரு கரும்புச்சாறு குடித்தாள், நன்றாக நினைவிருக்கிறது, எலுமிச்சம்பழம் கூடுதலாகப் பிழியச் சொன்னாள். கேமரா அசிஸ்டென்ட் ஒருத்தனைக் கட்டினதும் அவன் துபாய்க்குப் போய் அங்கேயே ஒரு குடும்பம் ஆகிவிட்டதும். போகட்டும். சோறு போட்டது எது என்றால் டப்பிங். அதிலும் பிள்ளை அழுகை. சினிமாவில் கைக்குழந்தை அழுதால் அந்தக் குழந்தையா அழுகிறது? இருட்டு தியேட்டரில் மைக் முன்னால் நடுவயதுப் பொம்பளை ஒருத்தி துப்பட்டாவை வாயில் குவித்துக்கொண்டு தொண்டையை இறுக்கி அழுகிறாள். அவள்தான் அது. பிறந்த உடனே வருகிற கிழிகிற அழுகை வேறு, பசி அழுகை வேறு, காய்ச்சல் அழுகையில் நடுவில் ஒரு விக்கல் வேண்டும், தொட்டில் பக்கத்தில் யாரும் இல்லையென்று தெரிந்துகொண்ட பிள்ளை கொஞ்சம் நிறுத்தி, கேட்டுப் பார்த்து, மறுபடி ஆரம்பிக்கும். எத்தனை படம். அழுது முடித்துவிட்டு வெளியே வந்து டீக்கடையில் வடை தின்பாள், கண் காய்ந்த தரை மாதிரி இருக்கும். பெறாத பிள்ளைகளுக்கெல்லாம் அழுதவள் என்று சவுண்டு இன்ஜினியர் ஒருத்தர் கேலி பண்ணினார், ஆமா சார், உங்களுக்கும் ஒரு அழுகை போட்டு வெக்கட்டுமா, முன்கூட்டியே, என்றதும் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அந்தக் காசில்தான் முதல் வண்டி வாங்கினாள், பழைய ஆம்புலன்ஸ், உள்ளே கண்ணாடியும் கட்டிலும் போட்டு. அழுகை விற்று வண்டி வாங்கினவள் அவள். கண்ணீர் விற்று அல்ல. இரண்டும் ஒன்றில்லை, இந்த வித்தியாசம் இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாவிட்டால் போகிறது.

“மேம்! வாவ், சூப்பரா இருக்கீங்க மேம்.” ஸ்டெஃபி வந்துவிட்டாள், காதில் ஹெட்போன், கையில் அட்டை, உதவி இயக்குநர் என்றாலும் காலேஜ் பிள்ளை மாதிரிதான் இருந்தாள். “மேம், முதல்ல பழைய கிளிப் ஓடும், அப்புறம் நீங்க என்ட்ரி, திலீபன் சார் கேள்வி கேப்பாரு, அப்புறம் ஒரு சின்ன சர்ப்ரைஸ் மேம்.” “என்ன சர்ப்ரைஸு?” “ஐயோ, சொன்னா அது எப்படி மேம் சர்ப்ரைஸு? ஒரே ஒரு ரிக்வெஸ்ட் மேம். எமோஷன் வந்துச்சுன்னா அடக்காதீங்க. அப்படியே விட்டுடுங்க.” “எதைம்மா?” “அழுகையை மேம்.” “வரலைன்னா?” ஸ்டெஃபி அழகாகச் சிரித்தாள். “வரும் மேம். கண்டிப்பா வரும்.” அந்தக் கண்டிப்பா செண்பகவல்லிக்கு உறைத்தது. ஏகாம்பரத்தின் கையை விலக்கிக் கண்ணைத் திறந்தாள். கண்ணாடியில் ஒரு நடுவயதுக்காரி, புருவம் வரைந்து, உதடு இன்னும் வரையாமல், பாதியில். கண்ணாடிக்கு மேலே சுவரில் ஒரு டிவி, சத்தமில்லாமல் ஃப்ளோரைக் காட்டிக்கொண்டிருந்தது. சோபா, பூ, கை தட்டக் கூட்டிவரப்பட்ட பெண்கள், முன்வரிசையில் ஒரு கிழவருக்கு ஒரு பையன் குனிந்து சட்டையில் காலர் மைக் குத்திக்கொண்டிருந்தான். கிழவர் இரண்டு முழங்காலிலும் இரண்டு உள்ளங்கையை வைத்து, பஸ் வருகிற திசையைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். டிப்போவில் உட்காருகிற அதே மாதிரி. அந்தக் காதுமடலில் முடி. இன்று காலையில் அப்பா பவுடர் போட்டுக்கொண்டு வெள்ளைச் சட்டையில் நின்றபோது எங்கேப்பா என்று கேட்டாள், பேங்கில் ஒரு கையெழுத்து என்று நாலு அடி தள்ளி நின்று சத்தமாகச் சொன்னார், பேங்குக்கு எதற்குப் பவுடர் என்று நினைத்தாள், நினைத்துவிட்டு இட்லி ஊற்றப் போய்விட்டாள். “அவரைக் கூட்டிட்டு வந்தது யாரு?” குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஸ்டெஃபி டிவியைப் பார்த்தாள், நாக்கைக் கடித்தாள். “ஐயோ பாத்துட்டீங்களா மேம். ப்ளீஸ் மேம், தெரியாத மாதிரி ரியாக்ஷன் குடுங்க. அங்கிள் சோ ஸ்வீட் மேம், போன்ல சொன்னதும் உடனே ஒத்துக்கிட்டாரு. அந்தக் காது மந்திரம் இருக்குல்ல, இன்னைக்கு மறுபடி உங்க காதுல சொல்லப்போறாரு, ஃபர்ஸ்ட் டைம் உலகமே கேக்கப்போகுது. காலர் மைக்ல கிளியரா வந்துடும் மேம்.”

ஸ்டெஃபி போய்விட்டாள். மின்விசிறி சுற்றியது. ஏகாம்பரம் உதட்டுக் கோட்டை வரைந்தார். சொல்வாரா? சொல்லிவிடுவாரா அப்பா? என்னவென்று நினைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்? இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு போன் வந்து, சார் என்று ஒருத்தி கூப்பிட்டு, உங்கள் மகள் கண்ணீருக்கு நீங்கள்தான் காரணம் என்று பெருமையாகச் சொன்னால், பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பத்தான் தோன்றுமோ. எண்பதை நெருங்குகிறவர். மறந்தே போயிருப்பாரோ. மறக்கிற விஷயமா. பத்து வயதில், அன்றைக்கு எடுத்தது சில்லு ஊஞ்சலில் ஆடுகிற காட்சி, தாத்தாவாக நடித்தவர் பின்னாலிருந்து தள்ள, சில்லு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்க வேண்டும். அம்மா அன்று வரவில்லை, தலைவலி என்று படுத்திருந்தாள். அப்பாவும் கூட இல்லை. அவள் ஊஞ்சலில் உட்கார்ந்து ரிகர்சல் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பா கேட்டிலிருந்து ஓடி வந்தார், சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தது, லைட்டுக்குள் வந்து வழக்கம்போல மண்டியிட்டார், வழக்கம்போலத் தோளைப் பிடித்தார், வழக்கம்போல வாயைக் காதில் வைத்தார். அம்மா போயிட்டா தாயி. அதே வார்த்தை. பாவம், அவருக்கும் வேறு வார்த்தை கிடைக்கவில்லை. வயிற்றில் அது கழன்று இறங்கத் தொடங்கியது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள், தப்பான ஷாட்டில் அழுதால் டைரக்டர் திட்டுவார், கன்டினியுட்டி போய்விடும், அப்பாவுக்குத்தான் தெரியவில்லை, அவருக்கு உதவுகிற மாதிரி மெல்ல அவர் காதில் சொன்னாள். “அப்பா, இது சிரிக்கிற சீன்ப்பா.”

அப்பாவின் முகம். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைவு ஒரு முள்ளில் மாட்டின துணி மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும், விட்டால் ஆடும். அதற்கப்புறம் வீட்டு வாசல், சாமியானா, அம்மாவின் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி. தெருவே நின்று அவள் கண்ணைப் பார்த்தது. டிவில அந்த அழுவை அழுவுது, பெத்தவளுக்கு ஒரு சொட்டு வரலியே பாத்தியா, என்று ஒருத்தி பக்கத்துப் பொம்பளையிடம் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவள் லைட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் கேமரா என்று தெரிந்தால் அழுதுவிடலாம் போல. இல்லை, தெரிந்திருந்தால்தான் அழுதிருக்க மாட்டாளோ. அதுதான் இன்றுவரை பிடிபடவில்லை, அன்று நின்றது நின்றதுதானா, அல்லது இப்போதும் பாதி வழியில் வயிற்றுக்குள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறதா. காரியம் முடிந்து திரும்பிப் போனபோது முதல் ஷாட்டே அழுகை. லைட் ரெடி, கேமரா ரெடி, அப்பாவைக் கூப்பிடு. அப்பா டீக்கடைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. வெங்காயம் நறுக்கிப் பார்த்தார்கள், தைலம் தடவிப் பார்த்தார்கள், யாரோ தொடையில் கிள்ளினார்கள். வரவில்லை. கதையை மாற்றினார்கள். சில்லு ஊட்டிக்குப் படிக்கப் போனாள், சில வாரம் கழித்து வேறொரு பெண்ணாக வளர்ந்து வந்தாள். செண்பகவல்லி கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அன்றிலிருந்து அப்பா அவள் காதருகே வந்ததே இல்லை. எதைச் சொல்வதானாலும் தள்ளி நின்று, டிப்போவில் பஸ் நம்பர் சொல்கிற குரலில்தான். காய்ச்சலில் கிடந்தபோதுகூட வாசல்படியில் நின்று மாத்திரை போட்டியா தாயி என்று கத்தினார். மறக்கிற விஷயமா. எழுந்து போய்விடலாம். வாசலில் தன் வண்டி நிற்கிறது, டிரைவர் பழனிவேலுவிடம் எடுப்பா என்றால் போதும், காம்பியர் சார் உள்ளே படுத்திருந்தால் அவரோடேயே கிளம்பிவிடலாம். நினைக்கவே சிரிப்பாக இருந்தது. ஆனால் டிவியில் அந்தக் கிழவர் காலர் மைக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் யாரும் இல்லை. இவர்கள் கையில் அவரைத் தனியாக விட்டுவிட்டா? “முடிஞ்சுதும்மா” என்றார் ஏகாம்பரம். பிறகு குரலைத் தணித்து, “வேணாம்னா அந்த மையைத் தொடச்சுட்டுச் சாதா மை போட்டு விடறேன். வழிஞ்சா குளோசப் போட மாட்டானுங்க. கேட்டா தீந்து போச்சுங்கறேன்” என்றார். “எதுக்குண்ணே. இருக்கட்டும். அவங்க மை வீணாப் போகட்டும்.”

ஃப்ளோரில் குளிர் அடித்தது. ஸ்பான்சர் ஜவுளிக்கடை கொடுத்துக் கட்டச் சொன்ன பட்டு கனத்தது. கிளிப் ஓடி முடிந்தது, திரையில் சில்லு கண்ணில் நீர் கோத்து நின்ற நிலையில் அப்படியே உறைந்து நிற்க, கை தட்டல், என்ட்ரி, சோபா, திலீபன் நெஞ்சில் கை வைத்து “எங்கே போனீங்க சில்லு?” என்றான். “எங்கேயும் போகலைங்க. நீங்க இப்ப படுத்து எந்திரிச்சு வந்தீங்களே, அந்த வண்டில பேர் எழுதியிருக்கும், பாக்கலியா?” கூட்டம் சிரித்தது, அவனும் புரியாமல் சிரித்தான். கேள்விகள் வந்தன. அவள் கால் ஊன்றிப் பதில் சொன்னாள். பிறகு இசை மெதுவானது, லைட் மஞ்சளானது, இரண்டு பெண்கள் அப்பாவைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்து வந்தார்கள். தெரியாத மாதிரி ரியாக்ஷன் ஒன்றும் அவள் கொடுக்கவில்லை. எழுந்து நின்றாள். “ஐயா, அந்த மந்திரத்தை இன்னைக்கு மறுபடி உங்க பொண்ணு காதுல சொல்லணும். நாங்க எல்லாரும் மூச்சு விடாம கேக்கறோம்.” மூன்று கேமராவும் நகர்ந்து வருவது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. அப்பா குனிய வேண்டியிருக்கவில்லை, இப்போது அவள்தான் உயரம். அவர் குதிகாலைத் தூக்கினார். வெற்றிலை இல்லை, பவுடர் வாசனை. அவருடைய மூச்சு காதில் பட்டதும் வயிற்றுக்குள் அது, எங்கே தொங்கிக்கொண்டிருந்ததோ அங்கேயிருந்து, ஒரு விரற்கடை இறங்கியது. அவள் கை தானாகப் போய் அவர் சட்டையில் இருந்த மைக்கைப் பொத்தியது. “தாயி,” என்றார் அப்பா, “என்ன சொல்லணும்னு சொல்லு. ஒண்ணும் வரமாட்டேங்கு. அதை மட்டும் எப்படி தாயி சொல்லுவேன். உன் பக்கத்துல வந்து நிக்கலாம்னுதான் வந்தேன்.” அவளுக்கு என்ன சொல்வதென்று யோசிக்க நேரமில்லை. அவர் காதை நோக்கித் திரும்பினாள், வாய் தானாக அந்த இடத்துக்குப் போனது. “அப்பா, இது சிரிக்கிற சீன்ப்பா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. அவர் முகம் அன்றைய முகமாக ஆனது, பட்டன் மாறின சட்டையோடு ஓடி வந்த முகம், அதிலிருந்து ஒரு சிரிப்பு மாதிரி தொடங்கி, உடனே கோணி, தாடை ஆட, இத்தனை வருஷமும் டீக்கடைப் பக்கம் திருப்பி வைத்திருந்தது எல்லாம் ஒரேயடியாக உடைந்து கொண்டு வந்தது. சிவப்பு விளக்கு எரிகிற கேமரா அவரை நோக்கி மூக்கை நீட்டியது. ஓஹோ, மகளிடம் கிடைக்காவிட்டால் அப்பனிடமா. அவள் ஒரு எட்டு வைத்து நடுவில் வந்தாள். ஸ்பான்சர் பட்டின் முந்தானையை ஒரு கையால் எடுத்து முழுசாக விரித்தாள், அப்பாவின் தலை அவள் தோளுக்குப் பின்னால் போனது. பொத்தியிருந்த கை விலகியதும் அவர் சட்டை மைக் வழியாக விசும்பல் ஸ்பீக்கரில் கேட்க ஆரம்பித்தது. “மேடம், உங்க கண்ணு கலங்கற மாதிரி...” என்று திலீபன் ஆசையாகக் குனிந்தான். “அழுகைதானே வேணும்?” என்று அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். உதட்டில் ஒட்டி, தொண்டையை இறுக்கி, பிறந்த குழந்தையின் அந்த முதல் அழுகையை விட்டாள். ஃப்ளோர் திடுக்கிட்டது. கை தட்ட வந்த பெண்களில் ஒருத்தி தன்னையறியாமல் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கிழிந்து கிழிந்து ஏறியது அழுகை, ஸ்பீக்கர்கள் எல்லாம் அதுதான், வேறொரு சத்தத்துக்கு அதற்குள் இடமே இல்லை, முதுகுக்குப் பின்னால் ஒரு மனிதர் யாருக்கும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், மகளின் சேலையில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுதுகொண்டிருந்தார். செண்பகவல்லியின் கண் நேராகக் கேமராவுக்குள் பார்த்தது, மை போட்டபடி, காய்ந்து. பசி அழுகைக்கு மாறினாள். பிறகு காய்ச்சல். நடுவில் ஒரு விக்கல். “மேடம்,” என்று மேலே கன்ட்ரோல் ரூமிலிருந்து ஸ்பீக்கரில் ஒரு குரல் கெஞ்சியது, “அப்பாவை மாஸ்க் பண்றீங்க மேடம், எதுவுமே கிடைக்கல, ஒரே ஒரு ஸ்டெப் லெஃப்ட்ல வாங்க. மேடம். கேக்குதா?” சில்லுவாக இருந்தபோதும் இதற்குத்தான் தினமும் திட்டு வாங்கினாள், அடுத்தவரை மாஸ்க் பண்ணாதே, கேமராவை மறைக்காதே என்று. “அவ்வளவுதான்ப்பா, அவ்வளவுதான்” என்று மூச்சு வாங்குகிற இடைவெளியில் திரும்பாமலே சொன்னாள், “யாரும் பாக்கல.” சொல்லிவிட்டு, காலை இன்னும் கொஞ்சம் அகட்டி நன்றாக ஊன்றிக்கொண்டு, அடுத்த அழுகையைத் தொடங்கினாள்.